யாழ்ப்பாணச் சமையலறையில் ஜப்பான் கத்தியும் கோப்பையும்: எதை இறக்குவது, எதை இங்கேயே வாங்குவது?

நல்லூர்த் திருவிழாவுக்குப் பாரிஸில் இருந்து வந்த பெரியம்மாவின் மகன் அம்மாவுக்கு ஒரு கத்தி கொண்டுவந்தார். பல வருடங்களாக உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர். மரப்பிடி, அகலமான தகடு, அதில் ஜப்பானிய எழுத்துக்கள். வெங்காயத்தில் வைத்தால் அழுத்தாமலே இறங்கும். அண்ணா திரும்பிப் போய் மூன்றாம் கிழமை அம்மா அந்தக் கத்தியால் நண்டுக்கால் உடைத்தார். கத்தியின் வாயில் நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

"சித்தி, அதாலை நண்டு உடைக்கக்கூடாது எண்டு சொல்ல மறந்துபோனன்" என்றார் அண்ணா தொலைபேசியில். "நண்டு உடைக்கேலாத கத்தி என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்டார் அம்மா.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இன்று அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. குடாநாட்டில் புதிய உணவகங்களும் விருந்தினர் விடுதிகளும் திறக்கப்படுகின்றன. புலம்பெயர்ந்த உறவுகள் பெட்டிகளில் கத்தியும் கோப்பையும் கொண்டுவருகிறார்கள். சேமிப்பைப் போட்டு ஜப்பானியப் பாத்திரங்களை இறக்குமதி செய்யலாமா என்று யோசிக்கிற இளைஞர்களையும் சந்தித்திருக்கிறேன். கத்திக்கு ஒரு பதில் இருக்கிறது. கோப்பைக்கு அதற்கு நேர்மாறான பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டையும் விளக்குகிறது.

'யப்பான் சாமான்' என்ற நம்பிக்கை

யாழ்ப்பாணத்தில் ஒரு பொருளை 'யப்பான் சாமான்' என்று சொன்னால் வேறு சான்று தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய ஹொண்டா சி90 மோட்டார் சைக்கிளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு முதல் தையல் இயந்திரம் வரை அந்த நம்பிக்கை பரவியிருந்தது.

ஆனால் அந்த நம்பிக்கை எதைத் தாங்கி நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். சி90 நீடித்து ஓடியதற்கு ஜப்பானியத் தொழில்நுட்பம் ஒரு காரணம் மட்டுமே. உதிரிப்பாகம் இல்லாத காலத்திலும் அதைக் கழற்றிப் பூட்டிய எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இன்னொரு காரணம். பராமரிக்கத் தெரிந்த கை இருந்ததால்தான் பொருள் நிலைத்தது. கத்திக்கும் இது அப்படியே பொருந்தும்.

கத்தி எங்கிருந்து வருகிறது?

ஜப்பானில் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் சில உண்டு. ஒசாக்காவுக்கு அருகே உள்ள சக்காய், கிஃபு மாகாணத்தின் செக்கி, ஃபுகுய் மாகாணத்தின் எச்சிசென், நீகாட்டா மாகாணத்தின் சான்ஜோ ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எச்சிசென் கத்தித் தொழிலை ஜப்பானிய அரசு 1979 இல் மரபுக் கைவினையாக அறிவித்தது. சக்காய் 1982 இல் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது.

சக்காயின் கதையில் யாழ்ப்பாணத்தவருக்குப் பழக்கமான ஒரு பயிர் வருகிறது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் ஜப்பானுக்குப் புகையிலை வந்து சேர்ந்தது. அதை நூலிழையாக அரிவதற்குக் கத்தி தேவைப்பட்டது. சக்காய்க் கொல்லர்கள் அந்தக் கத்தியைச் செய்து பெயர் எடுத்தார்கள். எடோ காலத்து ஆட்சியாளர்கள் அவர்களுடைய புகையிலைக் கத்திக்குத் தனி முத்திரையே வழங்கினார்கள். சமையல் கத்திக்கு இன்று சக்காய்க்கு இருக்கும் புகழின் வேர் அங்கே இருக்கிறது. குடாநாட்டிலும் ஒல்லாந்தர் காலம் முதல் புகையிலை பெரும் பணப்பயிராக இருந்தது. திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியானது.

சக்காயில் ஒரு கத்தியை ஒருவரே முழுதாகச் செய்வதில்லை. அடித்து உருவாக்குபவர் ஒருவர், தீட்டி வாய் எடுப்பவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். தீட்டுவது அங்கே தனித் தொழில். கத்தியைச் செய்வதற்குச் சமமான மதிப்பு அதைத் தீட்டுவதற்கும் இருக்கிறது.

இன்று உலகெங்கும் இருந்து சமையல்காரர்கள் கத்தி வாங்கப் போகும் இடம் டோக்கியோவின் கப்பாபாஷி. உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையில் சுமார் 800 மீற்றர் நீளமான வீதி. சமையலறைக்கு வேண்டிய பொருட்களை விற்கும் கடைகள் 170 அளவில் அங்கே இருக்கின்றன. இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வேலை செய்யும் எங்கள் ஆட்களின் கையில் இருக்கும் ஜப்பானியக் கத்தி அங்கிருந்தோ, அவரவர் நகரத்து இறக்குமதிக் கடையிலிருந்தோ வந்திருக்கும்.

ஏன் உடைந்தது?

உருக்கின் கடினத்தை றொக்வெல் என்ற அளவால் குறிப்பார்கள். ஐரோப்பியச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை இருக்கும். நல்ல ஜப்பானியக் கத்திகள் 60 ஐத் தாண்டும். சில 65 ஐ எட்டும். கடினம் கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும். அதேவேளை உருக்கு வளைந்து கொடுக்காது. மென்மையான கத்தி எலும்பில் பட்டால் வாய் மடங்கும்; கடினமான கத்தி பட்டால் வாய் உடையும்.

இரண்டாவது காரணம் வாயின் கோணம். ஐரோப்பியக் கத்திக்கு ஒரு பக்கம் சுமார் 20 பாகை என்றால், ஜப்பானியக் கத்திக்கு சுமார் 15 பாகை. வாய் அவ்வளவு மெல்லியது. அதனால்தான் தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்குகிறது. அதே காரணத்தால்தான் நண்டு ஓட்டில் தோற்கிறது.

மூன்றாவது காரணம் எங்கள் சமையலறையின் அமைப்பு. அரிவாள்மணையில் அலகு நிலையாக நிற்கும், காய்தான் நகரும். கத்தி எடுத்தாலும் பலர் காயைக் கையில் பிடித்தபடியே பெருவிரலை நோக்கி அரிவார்கள். ஜப்பானியக் கத்தி இந்த இரண்டு முறைக்காகவும் செய்யப்பட்டதல்ல. நின்றபடி, மரப்பலகையின் மேல் வைத்து வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பலகை இல்லாமல் சீமெந்துக் கட்டிலோ பீங்கான் கோப்பையிலோ கருங்கல்லிலோ வைத்து வெட்டினால் ஒரே நாளில் கூர் போய்விடும். ஆகவே கத்தி வாங்குபவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல மரப்பலகை.

எந்த வேலைக்கு எந்தக் கத்தி?

ஜப்பானியக் கத்தி என்று ஒன்று இல்லை. வேலைக்கு ஒரு கத்தி என்பதே அங்குள்ள வழக்கம். யாழ்ப்பாணச் சமையலுக்குப் பொருந்தக்கூடியவை இவை:

சந்தோக்கு: வீட்டுப் பாவனைக்கான பொதுக் கத்தி. இறைச்சி, மீன், மரக்கறி மூன்றுக்கும் உதவும் என்பதே பெயரின் பொருள். எலும்பு நீக்கிய இறைச்சி, வெங்காயம், கத்தரிக்காய், கீரை எல்லாவற்றுக்கும் போதும்.

நக்கிரி: செவ்வக வடிவ மரக்கறிக் கத்தி. வறைக்குக் கோவாவோ முருங்கை இலையோ நுணுக்கி அரிபவருக்கு இதைவிட வசதியானது கிடையாது. சைவச் சமையல் மட்டும் நடக்கும் வீட்டுக்கு இந்த ஒன்றே போதும்.

கியூத்தோ: சந்தோக்குவை விட நீளமானது. உணவகத்தில் நாள் முழுவதும் வெட்டுபவருக்கு உரியது.

தேபா: தடித்த முதுகுடைய மீன் கத்தி. பாரை, விளைமீன் போன்றவற்றின் தலையைப் பிரிக்கவும் முள்ளிலிருந்து சதையை எடுக்கவும் உதவும். மீன் முள்ளைத் தாங்கும், ஆட்டெலும்பைத் தாங்காது.

யனகிபா: பச்சை மீனை மெல்லிய துண்டுகளாகச் சீவும் நீண்ட கத்தி. ஒரு பக்கம் மட்டுமே வாய் உள்ளது. பச்சை மீன் பரிமாறாத உணவகத்துக்கு இது வீண் செலவு. அழகுக்காக வாங்கிச் சுவரில் மாட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

தேங்காய் உடைக்க, ஆட்டெலும்பு தறிக்க, நண்டு உடைக்க, உறைந்த மீன் வெட்ட, ஒடியல் முறிக்க ஜப்பானியக் கத்தி எதுவும் வேண்டாம். அந்த வேலைக்கு எங்கள் கம்மாலையில் அடித்த கனமான கத்தியே பொருத்தம்.

உருக்கும் உப்புக் காற்றும்

வாங்கும்போது அடுத்த கேள்வி, துருப்பிடிக்கும் உருக்கா, பிடிக்காத உருக்கா என்பது. ஷிரோகாமி (வெள்ளைத்தாள்), அவோகாமி (நீலத்தாள்) எனப்படும் கரி உருக்குகள் அற்புதமாகக் கூர் ஏறும், இலகுவாகத் தீட்டலாம். ஆனால் தேசிக்காய்ப் புளி பட்டுப் பத்து நிமிடம் கிடந்தாலே கறுக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குடாநாட்டில், உப்புக் காற்றில், ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் துரு இருக்கும்.

விஜி10 போன்ற கறையற்ற உருக்குகளில் சுமார் 15 வீதம் குரோமியம் இருப்பதால் துரு எளிதில் அண்டாது. கடினமும் 60 அளவில் இருக்கும். பலர் கை மாறிப் பாவிக்கும் எங்கள் சமையலறைக்கு இதுவே பாதுகாப்பான தெரிவு. கரி உருக்கு வாங்கியே தீருவேன் என்பவர் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து உலர வைக்கத் தயாராக இருக்க வேண்டும். பாவிக்காமல் நாட்கணக்கில் வைப்பதென்றால் எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாட்பட்டால் பிசுபிசுக்கும். உணவுத் தரமான கனிம எண்ணெய் நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. 'ஜப்பானிய உருக்கு', 'ஜப்பானிய முறை' என்று பெட்டியில் எழுதியிருப்பதும் 'ஜப்பானில் செய்யப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள யாங்ஜியாங் உலகின் பெரிய கத்தி உற்பத்தி மையங்களில் ஒன்று. அங்கிருந்து வருபவை எல்லாம் மோசமானவை அல்ல. ஆனால் ஜப்பானிய விலை கொடுத்து அதை வாங்கக்கூடாது. தகட்டில் தெரியும் அலை அலையான கோலத்தையும் நம்ப முடியாது. பல அடுக்கு உருக்கைச் சேர்த்து அடித்ததால் வரும் கோலம் ஒன்று. மேற்பரப்பில் லேசரால் வரைந்த கோலம் இன்னொன்று. செய்தவரின் பெயர், ஊர், உருக்கின் வகை மூன்றையும் விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் விலகிவிடுவது நல்லது.

கல் இல்லாமல் கத்தி வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விடயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கூர் மழுங்கிய ஜப்பானியக் கத்தி, சந்தையில் வாங்கும் சாதாரணக் கத்தியை விடப் பெறுமதி குறைந்தது. அதை மீட்பதற்குத் தண்ணீர்க் கல் வேண்டும். சைக்கிள் சக்கரத்தில் சுற்றும் சாணைக்கோ மின்சாரச் சாணைக்கோ கொடுக்கக்கூடாது. உலர்ந்த சக்கரத்தில் எழும் சூட்டில் மெல்லிய வாயின் பதம் போய்விடும். வாய் ஓரம் நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று பொருள். பதம் இழந்த பகுதியைத் தேய்த்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

தண்ணீர்க் கல்லை அதன் மணலின் நுண்மைக்கு ஏற்ப எண்ணால் குறிப்பார்கள். வீட்டுக்கு 1000 இலக்கக் கல் ஒன்று போதும். மெருகுக்கு 3000 அல்லது 6000 இலக்கம் பின்னர் சேர்க்கலாம். வாய் உடைந்த கத்தியைத் திருத்த 400 அளவிலான கரடுமுரடான கல் வேண்டும்.

செய்முறை இதுதான். ஊற வைக்கும் வகைக் கல் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊற விடுங்கள். ஈரத் துணியின் மேல் நகராமல் வையுங்கள். சந்தோக்கு அளவிலான கத்தியின் முதுகு கல்லில் இருந்து ஒரு சென்டிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்திருந்தால் கோணம் ஏறத்தாழ 15 பாகை வரும். அந்த உயரத்தை மாற்றாமல், வாயின் முழு நீளமும் படும்படி தள்ளி இழுங்கள். மறுபக்கத்து வாய் ஓரத்தில் விரலால் மெல்லத் தடவும்போது சொரசொரப்பான பிசிர் தட்டுப்பட்டால் பக்கத்தை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் மெல்லிய அழுத்தத்தில் மாறி மாறிச் சில தடவை இழுத்தால் பிசிர் போய்விடும். கல்லில் ஊறும் சேற்றைக் கழுவ வேண்டாம், அதுவும் தீட்டும்.

இது எங்களுக்கு அந்நியமான அறிவு அல்ல. சீவல் தொழில் செய்பவரின் பாளைக்கத்தியைப் பார்த்தவருக்கு இது புரியும். மரப்பலகையில் கல்தூள் தூவி, ஒவ்வொரு நாளும், மயிர் மழிக்கும் அளவுக்கு அந்தக் கத்தியைத் தீட்டுவார்கள். கூர் இல்லாத கத்தி பாளையை நசுக்கும், கள் ஊறாது. கூரின் அருமை தெரிந்த கைகள் குடாநாட்டில் எப்போதும் இருந்தன. கம்மாலைகள் ஒவ்வொன்றாக மூடப்படும் இந்தக் காலத்தில், உணவகங்களுக்குக் கத்தி தீட்டிக் கொடுப்பதை ஒருவர் தொழிலாகவே செய்யலாம். கத்தி இறக்குமதி செய்ய நினைப்பவர் அதோடு ஒரு கல்லையும் தீட்டும் சேவையையும் சேர்த்து விற்காவிட்டால், வாங்கியவர் ஆறு மாதத்தில் 'யப்பான் கத்தி சரியில்லை' என்றுதான் சொல்வார்.

இனிக் கோப்பை

யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு. தமிழ்நாட்டிலோ தேநீர்க் குவளை. இந்தச் சொல் போர்த்துக்கேயத்திலிருந்தும், 'பீங்கான்' பாரசீகத்திலிருந்தும் வந்தவை. மண்சட்டியும் வாழையிலையும் மூக்குப்பேணியும் இருந்த வீட்டுக்குள் பீங்கான் கடல்வழி வணிகத்தால்தான் வந்தது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் அடுத்த வருடமே ஜப்பானின் அரித்தா பீங்கானுக்குப் பெரும் கட்டளை கொடுத்து ஐரோப்பாவுக்கு ஏற்றத் தொடங்கியது.

இன்று வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் ஜப்பானியக் கோப்பை என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் நொரிடாக்கே. அதன் தொடக்கம் 1876. மொரிமுரா சகோதரர்கள் டோக்கியோவில் ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தம்பி நியூயோர்க்கில் கடை திறந்தார். ஜப்பானிய அலங்காரப் பொருட்களை விற்றவர்கள், மேற்கத்தியர் விரும்பும் வெள்ளைக் கோப்பையைத் தாமே செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1904 இல் நகோயாவுக்கு அருகே நொரிடாக்கே என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது. குறைபாடில்லாத 25 சென்டிமீற்றர் தட்டைக் கோப்பையைச் சுட்டெடுக்க ஏறத்தாழ பத்து வருடம் போராடினார்கள். முதலாவது முழு உணவுத் தொகுதி 1914 இல் வெளிவந்தது.

யாழ்ப்பாண வாசகருக்கு முக்கியமான செய்தி அடுத்ததுதான். 1972 இல் அந்த நிறுவனம் இலங்கை மட்பாண்டக் கூட்டுத்தாபனத்துடன் இணைந்து மாத்தளையில் தொழிற்சாலை தொடங்கியது. ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மாத்தளைப் பகுதியிலேயே கிடைக்கிறது. வெண்களி பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் உண்டு. இன்று நொரிடாக்கேயின் மேசைப் பாத்திரங்களுக்கு முதன்மையான உற்பத்தித் தளம் மாத்தளைதான். அங்கு சுடப்படும் கோப்பைகள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன.

கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். நொரிடாக்கே முத்திரைக்குக் கீழே 'ஸ்ரீலங்கா' என்று இருக்கும். ஏ9 வீதியால் கண்டிக்குப் போகும் எவரும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைக் கடந்துதான் போகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மாத்தளையில் சுட்ட கோப்பை கொழும்பில் கப்பலேறி, ரொறன்ரோவில் விலைப்பட்டு, துணியில் சுற்றிப் பெட்டியில் திரும்பி, 'கனடாவில் வாங்கிய யப்பான் கோப்பை' என்று எங்கள் கண்ணாடி அலுமாரியில் ஏறுகிறது.

ஆகவே இந்தத் தரத்தில் வெள்ளைக் கோப்பை வேண்டுமென்றால் இறக்குமதி தேவையே இல்லை. நொரிடாக்கேக்குக் கொழும்பில் காட்சியறை இருக்கிறது. இலங்கையில் ஏற்றுமதித் தரத்தில் பீங்கான் செய்யும் வேறு நிறுவனங்களும் உண்டு. உணவகத்துக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கோப்பை உடையும். மாதத்துக்குப் பத்து உடைந்தால் அதே வடிவத்தில் பத்தை மீண்டும் வாங்க முடிய வேண்டும். ஜப்பானிலிருந்து ஒரு தடவை வரவழைத்த தொகுதியில் பாதி உடைந்தால் மீதிப் பாதி அலுமாரிக்குத்தான்.

ஜப்பானிலிருந்தே வரவழைக்கக் காரணமுள்ள பாத்திரங்களும் உண்டு. கிஃபு மாகாணத்தின் மினோ பகுதியில் செய்யப்படும் மண்நிறக் கிண்ணங்கள் அவற்றில் ஒன்று. எங்கள் சோற்றுக்கும் சொதிக்கும் விளிம்பு உயர்ந்த கோப்பை வேண்டும். தட்டையான கோப்பையில் சொதி வழியும். ஒடியல் கூழுக்குப் பிளா இல்லாத இடத்தில், சோற்றுக் கிண்ணமாக ஜப்பானியர் பாவிக்கும் தொன்புரி நன்றாகவே பொருந்தும். ஆனால் மேற்பூச்சு இல்லாத சொரசொரப்பான மண்பாத்திரத்தை எடுக்காதீர்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் ஊறிய கறை போகாது.

சைவ வீடுகள் அறிய வேண்டியது

'போன் சைனா' என்ற பெயரில் உள்ள 'போன்' வெறும் அலங்காரச் சொல் அல்ல. மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் அந்தக் களிமண்ணில் கலக்கப்படுகிறது. பல தயாரிப்புகளில் பாதியளவு வரை எலும்புச் சாம்பல் இருக்கும். மெல்லியதாக, பால்நிறமாக, வெளிச்சத்துக்குப் பிடித்தால் விரல் நிழல் தெரியும் கோப்பை பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

மச்சச் சட்டியைத் தனியாக வைக்கும் வீடுகள் எங்களிடம் இன்றும் நிறைய உண்டு. விரதச் சாப்பாட்டை எலும்புச் சாம்பல் கலந்த கோப்பையில் போடுவது ஏற்கத்தக்கதா என்பது அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். பின்பக்க முத்திரையில் 'போன் சைனா' என்று இருக்கிறதா, வெறும் 'போர்ஸலின்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண போர்ஸலின் பீங்கானில் எலும்பு கிடையாது. சைவ உணவகம் நடத்துபவர் வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

பாவித்த ஜப்பானியப் பொருட்களை விற்கும் கடைகள் நாட்டின் பல நகரங்களில் இருக்கின்றன. அங்கே அழகான பழைய கோப்பைகள் மலிவாகக் கிடைக்கும். பழைய, நிறம் தீட்டிய பாத்திரங்களின் மேற்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். புளிக்கறியும் ஊறுகாயும் அவற்றில் வைக்காதீர்கள். மேற்பூச்சு வெடித்த கோப்பையைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். பொன் விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது.

இறக்குமதி என்று முடிவெடுத்தால்

ஒன்றிரண்டு கத்தியைப் பயணத்தில் கொண்டுவருவது வேறு. வியாபாரத்துக்கு இறக்குவது வேறு. பயணத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்க முடியாது. வாயை மட்டைக்குள் மூடி, பதிவு செய்த பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வியாபாரத்துக்கென்றால் முதலில் வணிகப் பெயர்ப் பதிவும் வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் வேண்டும். பின்னர் சுங்கத் திணைக்களத்தில் இறக்குமதியாளராகப் பதிவு செய்ய வேண்டும். அடுத்தது பொருளின் சுங்கக் குறியீடு. கத்திகள் 8211 இன் கீழும், போர்ஸலின் மேசைப் பாத்திரங்கள் 6911 இன் கீழும், ஏனைய மட்பாண்ட மேசைப் பாத்திரங்கள் 6912 இன் கீழும் வரும். வரி வீதமும் கட்டுப்பாடும் இந்தக் குறியீட்டைப் பொறுத்தே அமையும்.

பொருளின் விலையோடு கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த தொகையில்தான் வரிக் கணக்கு தொடங்குகிறது. சுங்க வரி, செஸ், துறைமுக அறவீடு ஆகியவை குறியீட்டுக்கு ஏற்பச் சேரும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். சமூகப் பாதுகாப்பு அறவீடு 2022 ஒக்டோபரில் 2.5 வீதமாக அறிமுகமானது. இவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கணக்கிடப்படுவதால், ஜப்பானில் கண்ட விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து இலாபம் கணக்கிடுபவர் நட்டப்படுவார். கொள்கலன் வரும் இடம் கொழும்பு. அங்கிருந்து லொறிக் கூலி வேறு. காங்கேசன்துறையில் கொள்கலன் இறங்குவதில்லை.

இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரே இரவில் மாறலாம் என்பதும் அண்மைய அனுபவம். 1969 ஆம் ஆண்டு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வெளியிட்டு அரசு எதையும் நிறுத்தலாம். 2020 இல் வாகனங்கள் முதல் பல பொருட்கள் நிறுத்தப்பட்டன. 2022 ஓகஸ்டில் மேலும் சுமார் 300 வகைப் பொருட்கள் பட்டியலில் சேர்ந்தன. பின்னர் படிப்படியாகத் தளர்ந்தன. முற்பணம் அனுப்புவதற்கு முன் அன்றைய வர்த்தமானியைப் பார்ப்பது, சுங்க முகவர் ஒருவரிடம் எழுத்தில் கணக்குக் கேட்பது இரண்டும் கட்டாயம். முதல் தடவை சிறிய தொகையில் ஒரு பொதியை வரவழைத்து, எல்லா வரியும் கட்டிய பின் ஒரு கத்தியின் அடக்கவிலை என்ன என்று பார்த்துவிட்டே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

முடிவாக

கோப்பைக்குக் கடல் தாண்ட வேண்டாம். ஏ9 வீதியால் மாத்தளை வரை போனால் போதும். கத்திக்குக் கடல் தாண்டுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் கத்தியோடு கல்லும் பலகையும் தீட்டத் தெரிந்த கையும் சேர்ந்து வர வேண்டும். அவை இல்லாமல் வரும் கத்தி, பெட்டியில் வந்த பரிசாகவே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கத்திக்கு அண்ணா பிறகு இரண்டு கற்களை அனுப்பி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக் காணொளியில் அவர் சொல்லச் சொல்ல, உடைந்த இடம் மறையும்வரை இரண்டு மணித்தியாலம் தேய்த்தோம். கத்தியின் அகலம் கொஞ்சம் குறைந்தது, வாய் நேரானது. இப்போது அம்மா வெங்காயத்துக்கும் மீன் சீவுவதற்கும் அதை எடுக்கிறார். நண்டு வாங்கும் நாளில் அது ஆணியில் தொங்கும். பழைய கம்மாலைக் கத்தி இறங்கும்.

கிழமைக்கு ஒருமுறை கல்லை ஊறப் போடுகிறவரும் அம்மாதான்.